இருபத்து நான்கு மேனேஜர்கள்

அடையாறு சுகதீபம் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஒரு திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு இருபத்து மூன்று பேருக்கு ஒரே மூச்சில் பதவி உயர்வு கிடைத்தது. அங்கே வேலை பார்ப்பவர்களே மொத்தம் இருபத்து நான்கு பேர்தான். விட்டுப்போன அந்த ஒருவர் விஜயராகவன். அவரை யாரும் வஞ்சிக்கவில்லை. இருபது வருடமாக அவர்தான் அங்கே மேனேஜர். மற்ற எல்லோரையும் மேனேஜர் ஆக்கிவிடலாம் என்ற யோசனையே அவருடைய மண்டையில் உதித்ததுதான்.

உதிக்க வைத்தவள் குல்சும். பதினாறு வருடமாக அங்கே ரத்தம் எடுப்பவள். எவ்வளவு ஒளிந்து கிடக்கும் நரம்பாக இருந்தாலும் ஒரே குத்தில் பிடித்துவிடுவாள். ராயப்பேட்டையிலிருந்து விடிவதற்குள் கிளம்பி, ஆறு மணிக்கு முதல் ஊசியை எடுத்தாளானால் இரண்டு மணிக்கு வீட்டுக்குப் போக வேண்டும். காகிதத்தில் அப்படித்தான் இருந்தது. 'முழு உடல் பரிசோதனை, எண்பத்து நான்கு டெஸ்ட், வெறும் 999 ரூபாய்' என்று வாசலில் போர்டு மாட்டிய நாளிலிருந்து ஐந்து மணிக்கு முன்னால் யாரும் செருப்பை மாட்டியதில்லை. ஊரில் உள்ள அத்தனை பேருக்கும் தங்கள் கல்லீரல் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசை வந்துவிட்டது.

ஒருநாள் குல்சும் ஒரு வெள்ளைத் தாளில் இரண்டே வரி எழுதி விஜயராகவன் மேஜையில் வைத்தாள். 'ஐயா, எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை பார்த்தால் ஓவர்டைம் சம்பளம் இன்னும் உண்டா, இல்லையா? தயவுசெய்து தெரிவிக்கவும்.'

அந்த 'இன்னும்' விஜயராகவனை என்னவோ செய்தது. ஒருகாலத்தில் இருந்தது உண்மைதான். அப்புறம் அது மாதக் கடைசியில் ஒரு டிபன் கூப்பனாயிற்று. கூப்பன் சமோசாவும் டீயுமாயிற்று. கொரோனா வந்தபோது, ராத்திரி பகல் பாராமல் மூக்கிலும் தொண்டையிலும் குச்சி விட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு முதலாளி டாக்டர் எழுந்து நின்று கைதட்டினார். 'முன்களப் போராளி' என்று ஆளுக்கொரு சான்றிதழும் தந்தார். லேமினேஷன் செலவு நிர்வாகத்துடையது. அதன் பிறகு சமோசாவும் நின்றுபோயிற்று. ஓவர்டைம் எந்தத் தேதியில் இறந்தது என்று கேட்டால் விஜயராகவனுக்கே சொல்லத் தெரியாது.

எனவே கடிதத்தைப் 'பரிசீலனையில்' என்று எழுதிய ஃபைலில் வைத்தார். அந்த ஃபைலுக்குள் போன எதுவும் வெளியே வந்ததாக வரலாறு இல்லை. ஒரு மாதம் கழித்து இரண்டாவது கடிதம் வந்தது. அதுவும் உள்ளே போயிற்று. மூன்றாவது கடிதத்தின் அடியில் மட்டும் ஒரு வரி கூடுதலாக இருந்தது: 'நகல்: தொழிலாளர் துறை அலுவலகம், தேனாம்பேட்டை.'

விஜயராகவன் அதை எடுத்துக்கொண்டு முதலாளியின் அறைக்கு ஓடினார். முதலாளி டாக்டர் வெங்கடரமணன், தாளின் மேல் பாதியைப் பார்த்துச் சிரித்தார். கீழ்ப் பாதியைப் பார்த்ததும் ஆடிட்டருக்கு போன் போட்டார்.

"கொடுத்துத்தான் ஆகணும் சார்," என்றது ஆடிட்டரின் குரல். "எட்டு மணி நேரத்துக்கு மேல போனா இரட்டைச் சம்பளம். மேனேஜ்மென்ட்ல இருக்கறவாளுக்குத்தான் அது கிடையாது."

ஆடிட்டர் சட்டத்தைச் சொன்னார். விஜயராகவனின் காதில் அது தப்பிக்கும் வழி என்று விழுந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மந்தைவெளி வீட்டில், காலை காபியிலிருந்து மாலை காபிவரை உட்கார்ந்து இருபத்து மூன்று பதவிகளுக்குப் பெயர் யோசித்தார். அவர் மனைவி ஜலஜா இரண்டு முறை சாப்பிடக் கூப்பிட்டுவிட்டு, மூன்றாம் முறை நேரில் வந்தாள்.

"ஞாயித்துக்கிழமையும் அதுவுமா என்ன எழுதிண்டிருக்கேள்?"

"ஆபீஸ்ல ஓவர்டைம் குடுக்காம இருக்கறதுக்கு ஒரு ஸ்கீம்."

"அதை ஓவர்டைம் பார்த்துத்தான் எழுதணுமாக்கும்?"

அது விஜயராகவனின் செவியில் ஏறவில்லை. கூட்டித் துடைக்கும் தேசம்மாவுக்கு என்ன பெயர் வைப்பது என்பதில் மாட்டிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை எல்லோரையும் வரவேற்பறையில் நிற்கவைத்து டாக்டர் பேசினார். "இனிமே இந்த இடத்துல தொழிலாளின்னு ஒருத்தர்கூடக் கிடையாது. எல்லாருமே நிர்வாகம்தான்." சம்பளம் ஏறுமா என்று பின்வரிசையில் யாரோ கேட்டார்கள். "பொறுப்பு ஏறியிருக்கு," என்றார் டாக்டர். ஆளுக்கு ஒரு லட்டும் நூறு விசிட்டிங் கார்டும் கொடுத்தார்கள்.

ரத்தப் புட்டிகளை பைக்கில் எடுத்துப்போகும் ரெஹான் தன் கார்டை உரக்கப் படித்தான். "மேனேஜர், மாதிரிப் போக்குவரத்து. இன்னா சார் இது, ட்ராஃபிக் போலீஸ் கணக்கா கீது?"

பட்டினப்பாக்கத்திலிருந்து வரும் தேசம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. விஜயராகவனே படித்துக் காட்டினார்: மேனேஜர், தூய்மை மற்றும் சுகாதாரம். தேசம்மா கார்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். "சாரு, இத்த காட்னா பேங்க்ல லோனு குடுப்பானா?"

குல்சும் தன்னுடைய உத்தரவை இரண்டு முறை படித்தாள். 'மேனேஜர், ரத்த சேகரிப்பு, ஒன்றாம் அறை.'

"சார், நான் கேட்டதுக்கு இதுதான் பதிலா?"

"பதில்னு ஏம்மா நினைக்கறே? வளர்ச்சின்னு நினைச்சுக்கோ."

"நம்ம லேப்ல அந்த வார்த்தையைச் சொன்னா பயாப்ஸிக்கில்ல சார் அனுப்புவோம்," என்றாள் குல்சும். லட்டைக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

விஜயராகவன் சிரித்தார். அன்றைக்கு அவர் எதற்கு வேண்டுமானாலும் சிரிக்கத் தயாராக இருந்தார்.

எட்டு வருடம் முன்னால் அவர் கைப்பட எழுதிய 'பணியாளர் கையேடு' ஒன்று இருந்தது. அதில் ஆறாம் பக்கம் மேனேஜருக்கானது. மேனேஜர் கைரேகை மெஷினில் விரல் வைக்கத் தேவையில்லை. தன் பிரிவின் வேலை நேரத்தைத் தானே முடிவு செய்யலாம். தன் பிரிவில் உள்ளவர்களுக்கு விடுப்பு தரலாம். நிலையத்தில் மேனேஜர் தான் ஒருவர்தான் என்றிருந்த காலத்தில், தன் மேல் உள்ள பிரியத்தில் எழுதியது. அந்த உரிமைகளில் ஒன்றைக்கூட அவர் தனக்காக ஒருநாளும் அனுபவித்ததில்லை என்பது வேறு விஷயம். அந்தப் பக்கத்தை வேறு யாராவது படிப்பார்கள் என்று அவர் நினைக்கவே இல்லை.

செவ்வாய்க்கிழமை சரியாக இரண்டு மணிக்கு குல்சும் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பையை எடுத்தாள்.

"எங்கம்மா கிளம்பிட்டே? இன்னும் ஒன்பது பேர் உக்காந்திருக்கா!"

"என் பிரிவோட வேலை நேரம் ரெண்டு மணி வரைக்கும்னு முடிவு பண்ணிட்டேன் சார்."

"உன் பிரிவுல யார் இருக்கா?"

"நான்தான்."

புதன்கிழமை அவள் வரவில்லை. அவள் அறைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'விடுப்பு கோருபவர்: குல்சும். காரணம்: தங்கை மகள் நிச்சயம். பரிந்துரை: மிகவும் அவசியமானது. அனுமதிப்பவர்: குல்சும், மேனேஜர்.' இரண்டு கையெழுத்தும் ஒன்றுபோல் இருந்தன. விஜயராகவன் கையேட்டை எடுத்து ஆறாம் பக்கத்தை மூன்று தடவை படித்தார். தப்பே கண்டுபிடிக்க முடியவில்லை. நன்றாகத்தான் எழுதியிருந்தார்.

வியாழக்கிழமைக்குள் இந்த ஞானம் எல்லோருக்கும் பரவிவிட்டது. இரண்டு மணி அடித்ததும் இருபத்து மூன்று மேனேஜர்களும் வரிசையாக வெளியேறினார்கள். போர்டைப் பார்த்து வந்தவர்கள் மட்டும் வந்துகொண்டே இருந்தார்கள். விஜயராகவன் போன் எடுத்தார், பணம் வாங்கினார், டோக்கன் கொடுத்தார், 'மேனேஜர், அறிக்கைகள்' என்ற பெண் வீட்டுக்குப் போனபின் அவளுடைய கணினியில் உட்கார்ந்து ரிப்போர்ட்டும் அடித்தார்.

அதன் பலன் வெள்ளிக்கிழமை காலையில் நேரில் வந்தது. ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து ராஜகோபாலன் என்று ஒரு பெரியவர், வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், கையில் ரிப்போர்ட்டோடு கவுண்டர் முன்னால் வந்து நின்றார்.

"எனக்கு எழுபத்து நாலு வயசு," என்றார். "தைராய்டு பார்க்கச் சொல்லிக் கொடுத்தேன். கர்ப்பம் நெகட்டிவ்னு போட்டிருக்கு. நெகட்டிவ்னு வந்ததுல எனக்கொண்ணும் வருத்தம் இல்லை. ஆனா யார் இதைக் கேட்டா? மேனேஜரைக் கூப்பிடுங்கோ!"

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த விஜயராகவன், கீழே விழாத பேனாவைத் தேடி மேஜைக்கடியில் குனிந்துகொண்டார்.

"சொல்லுங்க சார், நான் மேனேஜர்தான்," என்று குல்சும் கார்டை நீட்டினாள்.

பெரியவர் கையுறை போட்ட அவள் கையையும் கார்டையும் மாறி மாறிப் பார்த்தார். "உனக்கு மேல யாரும்மா?"

அதற்குள் ஹெல்மெட்டோடு ரெஹான் வந்தான். "இன்னா சார் பிரச்சினை? நானும் மேனேஜர்தான், சொல்லு."

"விளையாடறேளா எல்லாரும்?"

"காலைக் கொஞ்சம் தூக்கிக்க சாமி," என்றது கீழே இருந்து ஒரு குரல். "மேனேஜர் தொடைக்கணும்."

பெரியவர் அதற்கு மேல் வாதாடவில்லை. வெளியே போய் ஆட்டோவில் உட்கார்ந்தபடியே, இணையத்தில் ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்து எழுதினார்: 'இங்கே எல்லோரும் மேனேஜர்கள். வேலை செய்ய ஆள் கிடையாது.' மதியத்துக்குள் நாற்பது பேர் அதற்குக் கைதட்டியிருந்தார்கள்.

அன்றைக்கு அதோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. சில விசேஷமான டெஸ்ட்டுகளைப் பெருங்குடியில் உள்ள ஒரு பெரிய லேபுக்கு நான்கு மணிக்குள் அனுப்பியாக வேண்டும். போக்குவரத்து மேனேஜரின் வேலை நேரமோ இரண்டு மணியோடு முடிந்திருந்தது. விஜயராகவன் ஐஸ் பெட்டியை ஸ்கூட்டரில் இரண்டு காலுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு கிளம்பினார். அந்த வாரத்தில் இரண்டாவது தடவை. வெயில் உச்சந்தலையைப் பிளந்தது. மெட்ரோவுக்காகத் தோண்டிய பள்ளங்களில் பெட்டி துள்ளிற்று. அவர் ஒவ்வொரு தடவையும் முழங்கால்களை இறுக்கி அதைப் பிடித்துக்கொண்டார். குப்பைமேட்டுப் பக்கமிருந்து காற்று திரும்பியபோது மூச்சை அடக்கிக்கொண்டு இரண்டு சிக்னல் கடந்தார். அங்கே பெட்டியை வாங்கிய சின்னப் பெண் கையெழுத்துப் போட்டுக்கொண்டே பக்கத்தில் இருந்தவளிடம், "பாவம்டி, இந்த வயசுல டெலிவரிக்கு வர்றாரு," என்றாள். அவருக்குத் தண்ணீர் பாட்டில் ஒன்றையும் நீட்டினாள்.

விஜயராகவன் சட்டைப் பையில் கைவிட்டுத் தன் விசிட்டிங் கார்டை எடுக்கப் பார்த்தார். பிறகு வேண்டாமென்று விட்டுவிட்டார். ஊரில் இப்போது அந்தக் கார்டு தேசம்மாவிடமும் இருந்தது. தண்ணீரைக் குடித்தார்.

அடுத்த திங்கட்கிழமை மதியம் அவர் பெட்டியும் ஹெல்மெட்டுமாக வாசல்படி இறங்கும்போது எதிரே ஒரு பெண் வந்தாள். காட்டன் புடவை, தோளில் துணிப்பை, கையில் ஃபைல். தொழிலாளர் துறை ஆய்வாளர் என்று அடையாள அட்டையைக் காட்டினாள்.

"இங்க பொறுப்புல யாரு?"

"நான்தான் மேடம். மேனேஜர்."

"கையில என்ன?"

"இருபத்தேழு பேரோட யூரின், மேடம்."

அவள் உள்ளே வந்து உட்கார்ந்தாள். அவரும் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார்.

"மொத்தம் எத்தனை பேர் வேலை செய்யறீங்க?"

"இருபத்து நாலு."

"அதுல மேனேஜர் எத்தனை பேர்?"

"இருபத்து நாலு."

"சரி. இந்த இருபத்து நாலு மேனேஜருக்குக் கீழ வேலை செய்யறவங்க எத்தனை பேர்?"

விஜயராகவன் யோசித்தார். இந்தக் கேள்வியை அந்த ஞாயிற்றுக்கிழமை தன்னையே கேட்டிருக்கலாம் என்று தோன்றிற்று.

ஆய்வாளர் பதவிப் பட்டியலை நிதானமாகப் படித்தாள். தூய்மை மேனேஜர் என்ற இடத்தில் மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "சார், கார்டுல என்ன போட்டிருக்குன்னு நாங்க பார்க்கறதில்ல. கையில என்ன வேலைன்னுதான் பார்ப்போம். துடைப்பம் புடிக்கறவங்களுக்கு நீங்க ராஜாத்தின்னு பேர் வச்சாலும் ஓவர்டைம் உண்டு. வருகைப் பதிவு இருக்கா?"

இருந்தது. துல்லியமாக இருந்தது. காலையில் நான்கு நிமிடம் தாமதமாக வருபவர்களைப் பிடிப்பதற்காக விஜயராகவன் டாக்டரிடம் மன்றாடி வாங்கிய கைரேகை மெஷின், அவர்கள் மூன்று மணி நேரம் தாமதமாக வீட்டுக்குப் போனதையும் ஒருநாள் விடாமல் குறித்து வைத்திருந்தது. அது மெஷின். அதற்கு யார் பக்கம் நிற்க வேண்டும் என்று தெரியாது.

ஆய்வாளர் எழுந்தபோது விஜயராகவன் தயங்கித் தயங்கிக் கேட்டார். "மேடம், நானும் தினமும் பதினோரு மணி நேரம் பார்க்கறேன். எனக்கு உண்டா?"

"ஆள் எடுக்கறது யாரு?"

"நான்தான்."

"விடுப்பு கொடுக்கறது, சம்பளம் பிடிக்கறது?"

"அதுவும் நான்தான்."

"இவங்க எல்லாரையும் மேனேஜராக்கினது?"

"அந்த ஐடியாவே என்னுதுதான் மேடம்," என்றார், குரலில் கொஞ்சம் பெருமையோடு. நல்ல வேலையை யாராவது கேட்கும்போது மறைக்க முடிவதில்லை.

"அப்ப இந்த இடத்துல நிஜமான மேனேஜர் நீங்க ஒருத்தர்தான் சார். உங்களுக்குக் கிடையாது."

இருபது வருடத்தில் அவரை மேனேஜர் என்று ஒரு அரசாங்க அதிகாரி ஒப்புக்கொண்டது அதுவே முதல் தடவை. அந்தச் சந்தோஷம் ஆய்வாளர் படி இறங்கும்வரை இருந்தது.

டாக்டர் கத்தினார், ஆடிட்டரைத் திட்டினார், இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. அப்புறம் கட்டிவிடுவதாக எழுதிக் கொடுத்தார், மூன்று தவணையில். ஓராண்டு ஓவர்டைமை ஆள்வாரியாகக் கணக்குப் போடும் வேலை விஜயராகவனிடம் வந்தது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து போட்டார். இருபத்து மூன்று பேர் முடிந்ததும், கை ஓய்வதற்குள், இருபத்து நான்காவது வரியில் தன் பெயரையும் அடித்துப் பார்த்தார். தொகையில் அவர் பெயர்தான் முதலில் நின்றது. அழித்துவிட்டார்.

முதல் தவணை வந்த அன்று குல்சும் சம்பளச் சீட்டை இரண்டு முறை படித்தாள். "அப்ப இன்னும் உண்டு," என்றாள். யாரிடமும் சொன்ன மாதிரி இல்லை. அடுத்த டோக்கனைக் கூப்பிடப் போய்விட்டாள். எல்லோருக்கும் பழைய பதவியே திரும்பி வந்தது. விசிட்டிங் கார்டுகளைத் திருப்பித் தரச் சொல்லி ஒரு சுற்றறிக்கை விட்டார்கள். தேசம்மா மட்டும் தரவில்லை. சம்பந்தி வீட்டில் கொடுத்தாகிவிட்டதாம்.

அதற்குப் பிறகுதான் டாக்டருக்கு ஒரு உண்மை புலப்பட்டது. இரட்டைச் சம்பளம் கொடுத்து எண்பத்து நான்கு டெஸ்ட்டை 999 ரூபாய்க்குப் பார்த்தால் ஒவ்வொரு கல்லீரலுக்கும் கைக்காசு போகும். இத்தனை நாள் அந்தத் தள்ளுபடியை ஊருக்குக் கொடுத்துவந்தது குல்சுமும் ரெஹானும் தேசம்மாவும்தான். டாக்டர் போர்டு மட்டும் மாட்டியிருந்தார். ஒரே வாரத்தில் போர்டு இறங்கிற்று. கூட்டம் குறைந்தது. ஓவர்டைம் கொடுக்க வேண்டும் என்று ஆனவுடன், ஓவர்டைமுக்கு அவசியமே இல்லாமல் எல்லா வேலையும் இரண்டு மணிக்கே முடிய ஆரம்பித்தது. சம்பளம் இல்லாதவரைக்கும் தலைபோகிற அவசரமாக இருந்த வேலைகள் எல்லாம் மறுநாள் காலைவரை பொறுத்துக்கொண்டன.

விஜயராகவன் ஒருநாள் ஒரு தாளை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனார். தன்னைக் குமாஸ்தாவாகப் பதவி இறக்கம் செய்யும்படி அதில் எழுதியிருந்தது.

டாக்டர் படித்துவிட்டு உருகிப்போனார். "உங்களை எப்படி விஜயராகவன் இறக்கறது? இந்த லேபே நீங்கதானே," என்றார். தாளை மடித்து இழுப்பறையில் போட்டார். "போறச்சே அந்த ஏசியை அணைச்சுட்டுப் போங்கோ."

ஏசியை அணைத்துவிட்டு வந்தார். மணி நாலரை. போன் அடிக்கவில்லை. மேஜையில் ஒன்றும் பாக்கியில்லை. ஒரு பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்து பார்த்தார், முடியவில்லை. ஸ்கூட்டரை எடுத்தார்.

மந்தைவெளியில் வீட்டு வாசல் முழுக்கச் சின்னச் செருப்புகள் கிடந்தன. ஜலஜா பல வருடமாகப் பிள்ளைகளுக்கு இந்திப் பரீட்சைக்குச் சொல்லிக்கொடுக்கிறாள் என்று அவருக்குத் தெரியும். நேரில் பார்த்ததில்லை. ஹாலில் எட்டுப் பிள்ளைகள் தரையை அடைத்துக்கொண்டு ஒரே குரலில் வினைச்சொல் ஒப்பித்துக்கொண்டிருந்தன. அவர் உள்ளே நுழைந்ததும் குரல் நின்றது.

ஜலஜா நிமிர்ந்து பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். முகம் மாறிற்று. "என்னன்னா, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நன்னாத்தான் இருக்கேன். வேலை முடிஞ்சுடுத்து."

அவள் நம்பவில்லை. எழுந்து வந்து நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். முன்வரிசையில் இருந்த பெண் குழந்தை பென்சிலை வாயிலிருந்து எடுத்தது. "மிஸ், இந்த அங்கிள் யாரு?"

"எங்காத்து மாமாடி," என்றாள் ஜலஜா. "நீ பார்த்ததில்லையா?"

"மூணு வருஷமா வர்றேன். பார்த்ததே இல்லையே மிஸ்," என்றது அது.

உட்கார நாற்காலி காலியில்லை. விஜயராகவன் சுவரோரமாகப் பிள்ளைகளின் பைகளைத் தாண்டித் தாண்டிச் சமையலறைக்குப் போனார். காபி டிகாக்‌ஷன் எதில் இருக்கிறது என்று தெரியவில்லை. மேடையில் ஒரு தட்டு நிறைய பீன்ஸ் இருந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஹாலில் திரும்பத் தொடங்கிய வினைச்சொற்களைக் கேட்டபடி, ஒவ்வொன்றாக நார் உரிக்க ஆரம்பித்தார்.